ஒக்டோபரில் திருப்பித் தரப்படும்

இந்த நாட்டில் ஒவ்வொரு வருடமும் மார்ச் மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அதிகாலை ஒரு மணிக்கு, அரண்மனை முதல் அடுக்குமாடி வரை எல்லாருடைய நித்திரையிலும் ஒரு மணித்தியாலம் எடுத்துக்கொள்ளப்படுகிறது. எடுப்பதற்கு முன் யாரும் கதவைத் தட்டுவதில்லை. ஒக்டோபரில் திருப்பித் தரப்படும் என்ற வாக்குறுதி மட்டும் உண்டு. இடைப்பட்ட ஏழு மாதமும் அந்த மணித்தியாலத்தை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று, நான் இங்கே வந்த இருபத்திரண்டு வருடத்தில் ஒருவரும் எனக்கு விளங்கப்படுத்தவில்லை. வெளிச்சத்தைச் சேமிக்கிறார்களாம். லண்டனில் மார்ச் மாதத்தில் சேமிக்கிற அளவுக்கு வெளிச்சம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், வந்த நாட்டுக்கு நன்றியில்லாதவன் என்பார்கள். ஆகையால் நான் கேட்பதில்லை.

என் பெயர் குகதாசன். ஹவுன்ஸ்லோவில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் ஒரு பெரிய சமையற்கூடத்தில் வேலை. ஆகாயத்தில் உங்கள் முன்னால் நீட்டப்படும் தட்டில் கரண்டியும் முள்ளும் சுற்றிய பொட்டலம் ஒன்று இருக்குமே, அதை வைப்பது நான். அதற்குப் பக்கத்தில் பணிஸ் என்று கடிக்க ஏலாத உருண்டை ரொட்டி ஒன்று இருக்குமே, அதை வைப்பது மெற்றில்டா அக்கா. பதினொரு வருடமாக நாங்கள் இரண்டு பேரும் தட்டுகள் நகர்ந்து வரும் ஒரே மேசையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறோம். எங்கள் ஷிப்ட் அதிகாலை நான்கு மணிக்குத் தொடங்கி மதியம் பன்னிரண்டுக்கு முடியும்.

மெற்றில்டா அக்காவுக்கு உலகத்தில் இருந்த ஆசை ஒன்றே ஒன்று. பகல் ஷிப்ட். அது காலை ஏழு மணிக்கு ஆரம்பம். ஏழு மணி வேலைக்காரர் ஐந்தரைக்கு எழும்பினால் போதும். பன்னிரண்டு பேருக்குத்தான் அந்தப் பாக்கியம். அதில் ஒருவரான கல்யாணி அக்கா ஒக்டோபர் முடிவில் ஓய்வு பெறப் போகிறார் என்பதும், அந்த இடத்துக்கு வரிசையில் முதல் பெயர் மெற்றில்டா அக்காவினுடையது என்பதும் கூடம் முழுவதற்கும் தெரியும். நிபந்தனை ஒன்று இருந்தது. பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று முறை பிந்தி வந்தவருக்குப் பகல் ஷிப்ட் கிடையாது.

நித்திரைக்கு அவர் எவ்வளவு ஏங்கினார் என்பதற்கு ஒரு விஷயம் சொல்லலாம். அவருடைய மகள் மேரிசாந்தி பட்டம் வாங்கிய நாளில், மண்டபத்தில் மகளின் பெயரைக் கூப்பிட்ட நேரம் தாய் நித்திரை. போட்டோவில் சுற்றிவர எல்லாரும் கைதட்டிக்கொண்டிருக்க, இவர் மட்டும் தலையைக் குனிந்து கண்மூடி இருக்கிறார். செபம் பண்ணுகிறா என்று கணவர் அருட்பிரகாசம் அண்ணை பார்த்தவர்களுக்குச் சொல்லிச் சமாளித்தார். அக்கா அதை எங்களுக்குச் சிரித்துச் சிரித்துத்தான் சொன்னார். ஆனால் அந்தப் போட்டோ வீட்டுச் சுவரில் இல்லை.

இரண்டு முறை அவர் ஏற்கெனவே பிந்திவிட்டார். இரண்டும் போன் அலாரத்தின் குற்றம். அது அடிக்கும், அக்கா நித்திரையிலேயே கையை நீட்டி அதை நிறுத்துவார், பிறகு இரண்டும் சேர்ந்து நித்திரை கொள்ளும். இனி இயந்திரத்தை நம்பிப் பலனில்லை என்று நவம்பரில் மன்னாரில் இருக்கிற தங்கச்சி றோஸ்மலரை அலாரமாக நியமித்தார். றோஸ்மலர் தினமும் அங்கே காலை எட்டு மணிக்கு வட்சப்பில் எடுப்பார். லண்டனில் அப்போது அதிகாலை இரண்டரை. அக்கா எழும்பி உட்கார்ந்து, கால் நிலத்தில் பட்டுவிட்டது என்று சத்தியம் பண்ணும்வரை தங்கச்சி போனை வைக்கமாட்டார். எந்தக் கம்பனியும் இப்படி ஒரு அலாரம் செய்ததில்லை. ஐந்து மாதம் அக்கா ஒரு நிமிடம் பிந்தவில்லை.

மார்ச் கடைசி வந்தது. சனிக்கிழமை அக்கா தங்கச்சிக்கு எடுத்து, நாளைக்கு இங்கே மணியை முன்னுக்குத் தள்ளுகிறார்கள், நீ ஏழு மணிக்கு எடு என்று சொன்னார். றோஸ்மலர் மறுத்துவிட்டார்.

"எங்கட அரசாங்கமும் சண்டைக் காலத்தில ஒருக்கா உப்பிடி மணியைத் தள்ளினதுதானே. சோதனைச் சாவடிக்கு இங்கால எட்டு மணி, அங்கால ஏழரை. பத்து வருசத்தால தாங்களே பின்னுக்கு இழுத்தினம். நான் அப்பவும் மாத்தேல்ல. உங்கட அரசாங்கத்துக்காக இப்ப மாத்துவனோ?"

போதாததற்கு ஏழு மணிக்கு அவர் பூசையில் இருப்பார். சரி, வீட்டுச் சுவர் மணிக்கூட்டையாவது மாற்றிவிடுங்கள், அதைப் பார்த்து நான் ஓடுகிறேன் என்று அக்கா கணவரிடம் சொன்னார். அருட்பிரகாசம் அண்ணை தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், தேவாலயப் பங்குச் சபையின் செயலாளர், சட்டதிட்டம் என்றால் உயிர். இரவு ஒன்பது மணிக்கு மனைவி மணிக்கூட்டைக் காட்டியபோது அவர் சம்மதிக்கவில்லை. அரசாங்கம் நேரத்தை மாற்றுவது இரவு ஒரு மணிக்கு. ஒன்பதுக்கே மாற்றினால் நாலு மணித்தியாலம் இந்த வீட்டில் பொய் நேரம் ஓடும். ஆகவே ஒரு மணிக்கு எழும்பி முறைப்படி மாற்றுவதாக உறுதியளித்துவிட்டுப் படுத்தார். அவர் எழும்பியது காலை எட்டுக்கு.

மன்னாரில் எட்டு மணியானதும் அங்கிருந்து அழைப்பு வந்தது. அக்கா எழும்பினார், சத்தியம் பண்ணினார், சுவரைப் பார்த்தார், இரண்டரை. தங்கச்சி மனம் மாறி ஏழுக்கே எடுத்துவிட்டாள் என்று நினைத்தார். ஆறுதலாகத் தேத்தண்ணி குடித்து, செபமாலை சொல்லி, பஸ் ஏறி, வாசலில் அட்டையை வைத்தார். இயந்திரம் நான்கு நாற்பது என்று காட்டியது. மூன்றாவது முறை.

அன்று பிந்தியவர் அவர் மட்டுமல்ல. முப்பத்தேழு பேர் பிந்தினோம். நானும்தான், ஐம்பத்தைந்து நிமிடம். ஆனால் எனக்கு அது முதலாவது, மற்றவர்களுக்கும் ஒன்று அல்லது இரண்டு. மூன்று ஆனது அக்காவுக்கு மட்டும். அவர் பணிஸ் வைத்துக்கொண்டே அழுதார். சத்தம் இல்லை, கையும் நிற்கவில்லை. தட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன.

இந்த இடத்தில் எங்கள் நிர்வாகம் நித்திரையில் எவ்வளவு அக்கறை உள்ளது என்பதைச் சொல்லவேண்டும். இப்போது பெரிய கம்பனிகளில் எல்லாம் நித்திரை ஒரு நாகரிகம். முன்பு வேலை நேரத்தில் நித்திரை கொண்டால் வீட்டுக்கு அனுப்புவார்கள். இப்போது அதைப் பற்றி வகுப்பு எடுக்கிறார்கள். ஜனவரியில் பியோனா என்ற அம்மையார் எங்களுக்கு நித்திரை நலன் தலைமை அலுவலராக நியமிக்கப்பட்டார். அவருடைய வேலை ஒன்பதிலிருந்து ஐந்து. வந்த கிழமையே எல்லாருக்கும் கையில் கட்ட ஒரு கறுப்புப் பட்டி தந்தார். நீங்கள் எப்போது படுத்தீர்கள், எப்போது புரண்டீர்கள், எவ்வளவு ஆழமாக நித்திரை கொண்டீர்கள் என்று அது அலுவலகத்துக்கு அறிவிக்கும். அதோடு நல்ல நித்திரைக்கான பயிற்சி வகுப்பு ஒன்று கட்டாயமாக்கப்பட்டது. ஷிப்ட் முடிந்து நாங்கள் வீட்டுக்குப் போய்ப் படுக்கிற நேரத்தில், மதியம் பன்னிரண்டரையிலிருந்து இரண்டு வரை. வகுப்பில் நித்திரையானவர்களைத் தட்டி எழுப்பி, நித்திரையின் அவசியத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஏப்ரல் முதல் கிழமை அக்காவுக்கு விசாரணைக் கடிதம் வந்தது. கடிதத்தில் அது விசாரணை என்று இல்லை, "அன்பான உரையாடல்" என்று இருந்தது. சக ஊழியர் ஒருவரைத் துணைக்குக் கூட்டி வரலாம். என்னைக் கூப்பிட்டார். ஆங்கிலம் கஷ்டமென்றால் மொழிபெயர்ப்பாளரையும் கொண்டுவரலாம் என்று இருந்ததால் அருட்பிரகாசம் அண்ணை மொழிபெயர்ப்பாளராக வந்தார். கலியாணத்துக்குத் தைத்த கோட்டும், கழுத்தில் டையும், கையில் ஒரு கோப்பும். அந்த மணிக்கூட்டு விஷயத்துக்குப் பிறகு அவர் வீட்டில் நிமிர்ந்து பார்த்ததில்லை. அன்றிலிருந்து மனைவியைத் தினமும் தானே இரண்டரைக்கு எழுப்பினார். அழைப்பு மன்னாரிலிருந்து வரும்போது அக்கா பஸ்சில் இருந்தார்.

உரையாடல் நடந்த அறைக்கு "அமைதி" என்று பெயர். கதிரை கிடையாது. மனம் இளகிப் பேசுவதற்காக நிலத்தில் பெரிய பெரிய மெத்தைப் பைகள் போட்டிருந்தார்கள். அக்கா உட்கார்ந்ததும் பாதி ஆள் உள்ளே போய்விட்டார். அண்ணை கோட்டு கசங்கும் என்று நின்றுகொண்டார். பியோனா அம்மையார் ஆங்கிலத்தில்தான் பேசினார். அவருடைய பதவிக்கு மரியாதையாக அதை நான் செந்தமிழில் தருகிறேன்.

"திருமதி மெற்றில்டா அவர்களே, தாங்கள் நாற்பது நிமிடங்கள் தாமதமாக வருகை தந்தமை பதிவாகியுள்ளது. ஆயினும் அதனிலும் கவலைக்குரிய விடயம் ஒன்று தங்கள் பட்டியில் காணப்படுகிறது."

கையிலிருந்த திரையைத் திருப்பிக் காட்டினார். அன்றிரவு ஒரு மணியிலிருந்து இரண்டு மணிவரை அக்கா ஆழ்ந்த நித்திரையில் இருந்ததாக ஒரு நீலக் கோடு காட்டியது.

"அன்றைய தினம் ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடைப்பட்ட நேரம் இந்த நாட்டில் நிகழவில்லை. நிகழாத ஒரு மணித்தியாலத்தில் தாங்கள் எவ்வாறு உறங்கினீர்கள்?"

அண்ணை மொழிபெயர்த்தார். அக்கா கொஞ்சம் யோசித்து, "இடப்பக்கம் திரும்பிப் படுத்து" என்றார்.

அம்மையார் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு, இல்லாத மணித்தியாலத்தில் நித்திரை கொண்டதாகக் காட்டுவது பிழையான பதிவு என்றும், பிந்தி வருவதைவிடப் பிழையான பதிவு பாரதூரமானது என்றும், எனினும் இது அன்பான உரையாடல்தான் என்றும் விளக்கினார். நான் துணைக்கு வந்தவன் என்பதால் தண்ணீர் குடித்தேன்.

மொழிபெயர்ப்பாளர் சொந்தக் கருத்து எதுவும் சொல்லக் கூடாது என்பது விதி. அருட்பிரகாசம் அண்ணை விதியை மீறுகிற மனிதரல்ல. அவர் மனைவி பக்கம் குனிந்தார்.

"மெற்றில்டா, 'அப்ப நான் பிந்தேல்ல' எண்டு சொல்லு."

"அப்ப நான் பிந்தேல்ல" என்றார் அக்கா.

அண்ணை நிமிர்ந்து, அந்த மூன்று சொல்லையும் ஆங்கிலத்தில் நாலு நிமிடம் மொழிபெயர்த்தார். அன்று அந்த மணித்தியாலம் இருக்கவில்லை என்பது நிர்வாகத்தின் நிலைப்பாடு. இல்லாத மணித்தியாலத்தால் ஒருவர் பிந்த முடியாது. இருந்தது என்றால், அவர் அதில் நித்திரை கொண்டதில் பிழையில்லை. இரண்டில் நிர்வாகத்துக்கு விருப்பமானது எது என்று கேட்டு முடித்தார்.

பியோனா அம்மையார் கோபப்படவில்லை. அவருக்குக் கோபப்படாமல் இருக்கப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். மணித்தியாலம் இல்லாமற் போய்விடவில்லை, இடம் மாற்றப்பட்டிருக்கிறது என்றார். எங்கே என்று அண்ணை மனைவியைக் கொண்டு கேட்பித்தார். ஒக்டோபருக்கு என்று பதில் வந்தது.

அண்ணை மறுபடியும் குனிந்தார். அக்காவுக்கு அதற்குள் கால் விறைத்துவிட்டது.

"'அப்ப நானும் ஒக்டோபரில தாறன்' எண்டு சொல்லு."

"எதைத் தாறது?"

"சொல்லு."

"அப்ப நானும் ஒக்டோபரில தாறன்" என்றார் அக்கா.

அறையில் அந்தப் பெயருக்கு ஏற்றபடி அமைதி நிலவியது. அம்மையார் திரையைத் தட்டி எதையோ தேடினார். தேடத் தேட அவருடைய முகம் மலர்ந்தது. அவரிடம் இருந்த படிவத்தில் "எதிர்காலத் தீர்வு" என்று ஒரு கட்டம் இருந்தது, அதை நிரப்ப ஜனவரியிலிருந்து ஒருவரும் சந்தர்ப்பம் கொடுக்கவில்லை. அரசாங்கம் ஊழியரிடம் எடுத்த மணித்தியாலத்தை ஒக்டோபரில் ஊழியருக்குக் கொடுக்கும், ஊழியர் அதை நிர்வாகத்துக்குக் கொடுப்பார், அதுவரை மூன்றாவது தாமதம் தாமதமாகக் கருதப்படாது. பகல் ஷிப்ட் பட்டியலில் பெயர் அப்படியே இருக்கும். அம்மையார் அண்ணையின் கையைக் குலுக்கினார். அண்ணையும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அக்காவை மெத்தைப் பையிலிருந்து இழுத்து எடுத்தோம்.

வெளியே வந்ததும் அக்கா கணவரைப் பார்த்த பார்வையை நான் பதினொரு வருடத்தில் கண்டதில்லை. அவர் மணிக்கூட்டு விஷயத்தை மன்னித்துவிட்டார் என்று எனக்கு விளங்கியது. பஸ் தரிப்பில் நின்றபடி, நவம்பர் முதலாம் திகதியிலிருந்து தான் எப்படி நித்திரை கொள்ளப் போகிறார் என்று எனக்குச் சொன்னார். அறைக்குத் தடித்த திரைச்சீலை வேண்டாமாம். கோடை வந்ததும் வெளிச்சம் முகத்தில் பட்டு எழும்ப வேண்டுமாம். சூரியன் எழுப்பி எழும்பிக் கனகாலமாகிவிட்டது என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

செய்தி கூடத்தில் பரவ அரை மணித்தியாலம் எடுத்தது. பிந்தி வந்தால் அதை ஒக்டோபருக்குத் தள்ளிவிடலாமாம், அருட்பிரகாசம் அண்ணை ஆங்கிலத்தில் அடித்துப் பேசி எடுத்துத் தந்திருக்கிறாராம். அடுத்த நாள் அலுவலகம் இதற்கென்றே "மணித்தியால ஒத்திவைப்புப் படிவம்" ஒன்று வெளியிட்டது. அன்று பிந்திய முப்பத்தேழு பேரும் எடுத்தோம். எனக்கு ஒரு தாமதம்தான் இருந்தது, அதனால் ஒரு நட்டமும் இல்லை. ஆனாலும் எல்லாரும் எடுக்கும்போது நான் எடுக்காமல் நின்றால் பிறகு ஏதும் கிடையாமல் போய்விடும் என்று பயம். பயம் எனக்கு மட்டுமில்லை. அந்த ஞாயிறு நேரத்துக்கு வந்தவர்களும் எடுத்தார்கள். அன்று லீவில் ஊருக்குப் போயிருந்த ஒருவர் எடுத்தார். வாழ்நாளில் ஒரு நிமிடம் பிந்தாத பாலாம்பிகை அக்கா இரண்டு எடுத்தார், ஒன்று மருமகளுக்கு. மருமகள் வேறு கம்பனியில் வேலை.

படிவம் ஆறு பக்கம். நிரப்பிக் கொடுத்தது அருட்பிரகாசம் அண்ணை. ஞாயிறு பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்துவிடுவார். கத்தோலிக்கர் அல்லாத நாங்களும் பூசை முடிகிற நேரம் பார்த்து வரிசையில் நின்றோம். மே மாதத்தில் தமிழ்ச் சங்கம் ஒன்று கூட்டம் வைத்து அவருக்குப் பொன்னாடை போர்த்தியது. ஐந்து மணிக்கென்று அழைப்பிதழ் அடித்த கூட்டம் ஏழே காலுக்குத் தொடங்கியது. இழந்த ஒரு மணித்தியாலத்தை மீட்டெடுத்த வீரர் என்று தலைவர் ஒன்றேகால் மணித்தியாலம் பேசினார். கடைசியில் நூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்து வைத்திருந்தோம். படிவத்தின் ஐந்தாம் பக்கத்தில், ஒத்திவைத்த மணித்தியாலத்தை நிர்வாகம் கேட்கும் நாளில் கேட்கும் முறையில் வழங்கச் சம்மதிக்கிறேன் என்று ஒரு வரி இருந்தது. அண்ணை அதை ஒவ்வொருவருக்கும் வாசித்துக் காட்டினார். நாங்கள் ஓம் ஓம் என்று பேனையை வாங்கினோம்.

ஒக்டோபர் வந்தது. கடைசி ஞாயிறுக்கு மூன்று நாள் முன்பு பியோனா அம்மையார் எங்கள் எல்லாரையும் கூட்டி, ஞாயிறன்று நூற்றுப் பன்னிரண்டு பேரும் நான்கு மணிக்குப் பதிலாக மூன்று மணிக்கு வரவேண்டும் என்றார். ஒருவரும் வாய் திறக்க முதல் அவரே காரணத்தையும் சொன்னார்.

"தாங்கள் எதையும் இழக்கப்போவதில்லை. மணிக்கூடு பின்னகர்வதால் அன்றைய மூன்று மணி தங்கள் உடலுக்கு நேற்றைய நான்கு மணியே. தங்கள் நித்திரையைக் கலைக்காதிருக்கவே இந்த ஏற்பாடு."

அதில் பிழை பிடிக்க ஏலவில்லை. வருடத்தில் ஒருநாள் கிடைக்கிற அந்த ஒரு மணித்தியால நித்திரை போகிறதே என்று வயிற்றெரிச்சலாக இருந்தது. ஆனால் எங்கள் கையெழுத்து அல்லவா. ஞாயிறு மூன்று மணிக்கு வரிசையில் நின்று அட்டை வைத்தோம். மெற்றில்டா அக்கா எல்லாருக்கும் முன்னால் நின்றார். முகத்தில் ஒரு தெளிவு. இன்னும் ஒரு கிழமை என்று என் காதுக்குள் சொன்னார்.

கெட்ட காலத்துக்கு அன்று வேலை நன்றாக ஓடியது. நூற்றுப் பன்னிரண்டு பேர் ஒரு மணித்தியாலம் முந்தி நின்றால் ஓடாமல் என்ன செய்யும். எந்த விமானத்துக்கும் தட்டு பிந்தவில்லை. மேலதிகாரிகள் வரைபடம் கீறிப் பார்த்தார்கள். நித்திரைப் பட்டிகளைப் பார்த்தார்கள், எல்லாரும் வழமை போலவே நித்திரை கொண்டிருக்கிறார்கள், ஒருவருக்கும் கெடுதல் இல்லை.

வியாழக்கிழமை எல்லாருக்கும் ஒரு கடிதம் வந்தது. பரீட்சார்த்தத் திட்டம் மகத்தான வெற்றி. ஊழியர்கள் தாமாகவே முன்வந்து வழங்கிய மணித்தியாலம் அவர்களுடைய உடலுக்குப் பழகிவிட்டதால், அதைத் திடீரென மாற்றி அவர்களுடைய நித்திரையைக் குழப்ப நிர்வாகம் விரும்பவில்லை. எனவே அதிகாலை ஷிப்ட் இனி நிரந்தரமாக மூன்று மணிக்குத் தொடங்கும். மார்ச்சில் என்ன நடக்கும் என்று ஒருவர் எழுதிக் கேட்டதற்கு, மார்ச் மாதம் மார்ச்சில் பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது.

மெற்றில்டா அக்காவுக்குத் தனியாக இன்னொரு கடிதம். சாப்பாட்டு அறையில் என்னிடம் தந்து வாசிக்கச் சொன்னார். தாமதம் மூன்றும் அழிக்கப்பட்டன, பகல் ஷிப்டுக்கு வரவேற்கிறோம் என்று வாசித்தேன். அவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். அடுத்த பந்தியை நான் முதலில் எனக்குள் வாசித்தேன், பிறகு வேறு வழியில்லாமல் வெளியே வாசித்தேன். அதிகாலை ஷிப்ட் முன்னகர்ந்ததைத் தொடர்ந்து, ஒருங்கிணைப்புக் கருதி, பகல் ஷிப்டும் முன்னகர்த்தப்படுகிறது. இனி அது நான்கு மணிக்குத் தொடங்கும். ஊழியர்களின் மனநலம் கருதி அதன் பெயரில் மாற்றம் செய்யப்படவில்லை.

"தம்பி, உது பின்னேரம் நாலோ?"

"இல்லையக்கா. விடியப்புறம்."

அவர் கடிதத்தை வாங்கித் தானும் ஒருமுறை பார்த்தார்.

"அப்ப நான் இப்ப வாற நேரம்தானே."

"ஓம்."

"இதுக்கோ அந்த மனுசன் அவ்வளவு இங்கிலீசு கதைச்சது?"

கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவப் போனார். எனக்கு அழுகை வந்தது. அவருக்காகத்தான் வந்தது. அன்றைக்கு அது உண்மை.

பிறகு இரண்டு கிழமை நாங்கள் மூன்று மணிக்கு வேலைக்குப் போனோம். மூன்று மணி வேலை என்றால் ஒன்றரைக்கு எழும்பவேண்டும். ஒன்றரைக்கு எழும்புவதை எழும்புவது என்று சொல்ல முடியாது, படுக்கையிலிருந்து கலைத்துவிடுவது. என் மனைவி குமுதினி என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டாள், நான் கண் திறந்திருக்கும் நேரத்தில் அவள் கண் மூடியிருந்தாள். நாங்கள் பாதி உயிரோடு தட்டு நிரப்பிக்கொண்டிருக்கும்போது, ஒரு மணித்தியாலம் கழித்து, நான்கு மணிக்கு, மெற்றில்டா அக்கா ஆறுதலாக உள்ளே வருவார். முகம் கழுவி, கொஞ்சம் பவுடர் போட்டு, ஒரு மணித்தியாலம் கூடுதலாக நித்திரை கொண்ட முகம்.

அவவுக்கென்ன, பகல் ஷிப்ட் என்று பாலாம்பிகை அக்கா முதலில் சொன்னார். பிறகு எல்லாரும் சொன்னோம். மனுசன் ஆங்கிலம் தெரிந்தவர், எங்கள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிப் பெண்சாதிக்கு வேலை எடுத்துக் கொடுத்துவிட்டார் என்று ஒரு கதை வந்தது. யார் தொடக்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் இரண்டு பேருக்குத்தான் சொன்னேன்.

மூன்றாவது கிழமை பகல் ஷிப்டில் இரண்டு இடம் காலியாகிறது என்று அறிவித்தல் ஒட்டினார்கள். எண்பத்தொரு விண்ணப்பம் போயிற்று. என்னுடையதும் ஒன்று. "இந்த மாற்றத்தை ஏன் கோருகிறீர்கள்" என்ற கட்டத்தில், அதிகாலை நான்கு மணிக்கு வேலை தொடங்கும் வசதியைப் பெற்று என் குடும்பத்தோடு மகிழ்ச்சியாக வாழ விரும்புகிறேன் என்று எழுதினேன். நிர்வாகத்தின் நித்திரைக் கொள்கைக்கு நன்றியும் சொன்னேன். ஒரேயொரு குறை இருந்தது. பகல் ஷிப்டில் உள்ள ஒருவர் சிபாரிசு செய்து கையெழுத்து வைக்கவேண்டும்.

வேலை முடிந்து பின்னேரம் மூன்று மணிக்கு அக்கா வீட்டு மணியை அடித்தேன். கதவைத் திறந்த அருட்பிரகாசம் அண்ணை வாயில் விரலை வைத்து, இப்பதான் கண் அயர்ந்தவ, பிறகு வாரும் என்றார். நாளைக்குக் கடைசித் திகதி, ஒரு நிமிச அலுவல் என்றேன். அவர் உள்ளே திரும்பிப் பார்த்துத் தயங்கினார். நான் மூன்று மணி ஷிப்டில் படுகிற பாட்டைச் சொல்லி, கொஞ்சம் சத்தமாகவே சொல்லி, அவரை எழுப்பச் சொன்னேன்.

மெற்றில்டா அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு கண்தான் திறந்திருந்தது. என்ன ஏதென்று கேட்கவில்லை. நான் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்து, பேனையைத் திருப்பித் தந்தார். நான் நன்றி சொல்லிப் படியிறங்கினேன். வாசலிலிருந்து தெருமுனைவரை எங்கள் ஆட்கள் படிவத்தோடு நின்றார்கள்.